மறையாத கை

யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் மனிதன் எப்படி நடந்துகொள்வான்? ஒழுக்கம் பற்றிய கேள்விகளுள் கடினமானது இதுதான். கிரேக்க அறிஞர் பிளேட்டோ, அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைத்துவிடும் மோதிரக் கதை ஒன்றைச் சொல்லி இதனை ஆராய்ந்தார். தமிழ்நாட்டுச் சிறுவர்களிடம் இதே கேள்வியைக் கொண்டுவந்து சேர்த்ததோ ஒரு சித்திரக்கதை!

சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலக்கதை 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றியது. கென் பல்மர் எழுதினார். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். அத்தொடக்கக் கதைகள் 2005-இல் இலண்டனில் கெட்டி அட்டையிட்ட தனித் தொகுப்பாக வந்தன. சில்லறைக் காசுக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த கதை, அலமாரியில் வைத்துப் போற்றும் செல்வமாகிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், அட்டையின் அழகோடு நின்றுவிட்டால் கதை நமக்கு விடுக்கும் எச்சரிக்கையை இழந்துவிடுவோம்.

லூயி கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். விபத்தொன்றில் மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. இந்த ஆற்றல் கிடைத்தவுடன் அவன் ஏழைகளுக்கு உதவப் புறப்பட்டானா? இல்லை. கொள்ளையடித்தான், ஒரு மாநகரையே அச்சுறுத்தினான். நல்வழிக்கு அவன் வந்தது பிறகுதான்.

மாயாவி மறைவதற்கு மின்சாரம் வேண்டும். நாமும் மின்சாரத்தால்தான் மறைகிறோம் என்றால் வியப்பாக இருக்கலாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நமக்கு ஒளி தந்தது. அதனை அடுத்து எழுந்த வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அதனைக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது, இறாலும் மீனும் தேடிப் போன மீனவர் வெறுங்கையோடு திரும்பினர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் அங்கே பரவி, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்திச் செடிகளிலும் அப்பிக்கொண்டது.

தொலைவிலுள்ள வீட்டில் சுவிட்சைத் தட்டும் நம்மை அந்த மீனவர் காண்பதில்லை. நாமும் அவரைக் காண்பதில்லை. ஆனால், சாம்பல் அங்கே கிடக்கிறது.

விளக்கடியில் படிக்கும் குழந்தை குற்றவாளியா என்று கேட்கலாம். அல்லவே அல்ல! மின்சாரத்தைப் பயன்படுத்துவது பாவமன்று. ஆலையைக் காப்பதும் குழாயைச் செப்பனிடுவதும் அதற்குரியவர்களின் கடமை. அந்தக் கடமை தவறியபோது, பயன் பெற்ற நாம் அறியாதவர்போல் இருந்துவிடுவதே குற்றம். ஒளியில் பங்கு கேட்பவர்கள் சாம்பலைப் பற்றியும் கேட்க வேண்டாமா? நட்டப்பட்டவனுக்கு நியாயம் கிடைக்கும்வரை அவன் பக்கம் நின்று பேச வேண்டாமா?

வாய் மூடப்பட்டு, கைகளே சாட்சி சொல்லும் நாள் ஒன்று உண்டென நம்புகிறவர்கள் நாம். உடல் மறைந்தாலும் கை மறையவில்லை என்ற கற்பனை நமக்குப் புதிதன்று. மாயாவியின் கதையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போம். கூடவே, அவர்களை ஒருமுறை எண்ணூர்க் கழிமுகத்திற்கும் அழைத்துச் சென்று காட்டுவோம்.