செஞ்சது யாரு?

'நடந்தது நடந்து போச்சு. பழசக் கிளறி என்னாவப் போவுது?' நம்ம கதையை நாம் சொல்ல வாயெடுத்தாலே இப்படி ஒரு குரல் குறுக்கே வருகிறது. ஊர்த்தெருவிலிருந்து வந்தால் காரணம் புரிகிறது: கிளறினால் அவர்கள் சங்கதியும் வெளியே வரும். ஆனால் இயக்கத் தோழர்களே 'அழுது புலம்புறதா போராட்டம்?' என்று கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

முதலில் மொழியைப் பார்ப்போம். பத்திரிகைச் செய்தியும் போலீசு அறிக்கையும் நம்மைப் பற்றி எப்படி எழுதுகின்றன? 'குடிசைகள் எரிக்கப்பட்டன.' 'தலித்துகள் தாக்கப்பட்டனர்.' 'தண்ணீர் மறுக்கப்பட்டது.' எல்லாம் செயப்பாட்டுவினை. எரித்தவன் எங்கே? அடித்தவன் எங்கே? குடிசை தானாகத் தீப்பிடித்த மாதிரி வாக்கியம் முடிந்துவிடுகிறது. பட்டவள் அப்படிப் பேச மாட்டாள். 'அவன் செம்பத் தூக்கி ஊத்துனான், நான் குனிஞ்சு கையேந்திக் குடிச்சேன்' என்பாள். செய்தவன் எழுவாயாக வந்து நிற்கிறான். படித்தவர்கள் இலக்கணத்தில் ஒளித்து வைத்தவனை, கைநாட்டுக் கிழவி இழுத்து நடுத்தெருவில் நிறுத்துகிறாள். இதுக்குப் பேர் புலம்பலா? சாட்சியம்.

அம்பேத்கரும் இதைத்தான் செய்தார். தீண்டாமை என்றால் என்னவென்று அயல்நாட்டாருக்கு விளக்க அவர் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' கோட்பாடு பேசவில்லை, நடந்ததைச் சொல்கிறது. 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன சிறுவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதித்தார்; அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் கூட நடந்து வந்தார்.

தன் கதையோடு அவர் நிறுத்தவில்லை. கத்தியவாரில் பிள்ளை பெற்றுக் கிடந்த பெண்ணைத் தொட மறுத்து, டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைத்தான். அவள் பிழைக்கவில்லை. பள்ளி ஆசிரியரான அந்தக் கணவன் எழுதிய கடிதத்தையும் அம்பேத்கர் சேர்த்தார். ஒருத்தர் சொன்னால் 'ஏதோ ஒரு கெட்ட ஆளு' என்று தள்ளிவிடலாம். பத்துப் பேர் சொன்னால் அது ஆளின் குணமல்ல, ஏற்பாடு என்று தெரிந்துபோகும். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது எத்தனையோ பேர் 'இது என் கதையுந்தான்' என்றதும் இதனால்தான்.

கதை சொன்னால் நிலம் வந்துவிடுமா? வராது. ஆனால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றப்பட்டியலைப் படித்துப் பாருங்கள். தின்னத் தகாததைத் தின்ன வைப்பது, துணியை உரித்து ஊர்வலம் விடுவது என்று நீளும். பட்டவர்கள் வாய் திறக்காமலே இருந்திருந்தால், இதையெல்லாம் குற்றமென்று எவர் எழுதியிருப்பார்? நேற்றுவரை இதற்கு 'ஊர் வழக்கம்' என்றுதானே பேர்?

இன்னொன்றும் உண்டு. 'ஒன் வேதனையச் சொல்லு' என்று மைக்கை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் நம்ம சனம் காயத்தைத் திறந்துகாட்டக் கடமைப்படவில்லை. சொல்வதும் சொல்லாதிருப்பதும் பட்டவரின் உரிமை. கேட்டுக் கண்ணீர் விட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு நம் கதை பொழுதுபோக்கு. 'இதில் என் அப்பன் எங்கே நின்றான், நான் எங்கே நிற்கிறேன்' என்று கேட்டுக்கொள்கிறவனுக்கு மட்டுமே அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரக்கப்படச் சொல்லி நாம் பேசவில்லை. பதில் சொல்லச் சொல்கிறோம்.