செவியின் சாட்சியம்

ஓர் இசைத்தட்டை இருவர் கேட்கின்றனர். ஒருவர் கண் கலங்குகிறார்; மற்றவர் கொட்டாவி விடுகிறார். தட்டு ஒன்று; அதில் பதிந்த ஒலியும் ஒன்று. இவ்விருவருள் எவர் சொல்வது மெய்? 'அவரவர் ரசனை அவரவர்க்கு' என்று சொல்லி எழுந்துவிடுவது எளிது. ஆயினும் நாம் எழுந்துவிடுவதில்லை. வாதாடுகிறோம், காரணம் காட்டுகிறோம், 'இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்' என்று மன்றாடுகிறோம். புளிப்பு பிடிக்கும் என்பவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. இசையைப் பற்றிச் சொல்பவரிடம் கேட்கிறோம். ஏனெனில் அவர் சொல்வது ஒரு தீர்ப்பு என்பதை நம் உள்ளம் அறிந்திருக்கிறது. தீர்ப்பு என்று வந்துவிட்டால் நியாயம் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்குமன்றோ?

இக்கேள்வியை ஆராய, மேலை இசையின் பெரும்படைப்புகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பீத்தோவன் 1806ஆம் ஆண்டில் இயற்றிய வயலின் கன்சர்ட்டோ அது. ஒற்றை வயலினும் முழு வாத்தியக் குழுவும் எதிரெதிரே நின்று உரையாடும் வடிவத்தையே கன்சர்ட்டோ என்பர். முரசின் நான்கு மெல்லிய அடிகளோடு அது தொடங்குகிறது. ஐந்தாம் அடியில் துளைக் கருவிகள் வந்து சேர்கின்றன. வயலின் வாய் திறக்கவோ நெடுநேரம் ஆகிறது. முடிவு வரை கேட்க நாற்பது நிமிடங்களுக்கு மேல் பொறுமை வேண்டும்.

இப்படைப்பு 1806 டிசம்பர் 23 அன்று வியன்னா நகரில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் என்ற கலைஞரின் வயலினில் முதன்முதலாக ஒலித்தது. கேட்டோரின் கருத்து எவ்வாறிருந்தது? அழகுகள் பல உண்டென ஒப்பிய விமர்சகர் ஒருவரே, சாதாரணமான பகுதிகள் திரும்பத் திரும்ப வந்து களைப்பூட்டுவதாகவும் எழுதினார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதனை மேடையேற்றியவர் மிகச் சிலரே. 1827இல் பீத்தோவன் மறைந்தார். 1844 மே மாதம் இலண்டனில், மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, ஜோசஃப் யோவாக்கிம் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதனை வாசித்த பிறகே உலகம் அதன் பக்கம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் ஏட்டிலிருந்த சுரங்கள் மாறிவிடவில்லை; மாறியவை வாசித்த கையும் கேட்ட செவியுமே. ஆகவே, செவி தவறக்கூடியது என்பது நாம் அறியவேண்டிய முதற்பாடம்.

செவி மட்டுமா தவறுகிறது? செவிக்கு முன்னே ஓடிச் சென்று பெயர் தீர்ப்பளித்துவிடுவதும் உண்டு. ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞர், பழங்காலத்து ஆசிரியர்களின் படைப்புகள் எனச் சில உருப்படிகளைப் பல ஆண்டுகள் வாசித்து வந்தார். விவால்டியின் பெயரால் ஒரு வயலின் கன்சர்ட்டோவும் அவற்றுள் இருந்தது. அவை தாமே இயற்றியவை என்பதை 1935இல் அவர் வெளிப்படுத்தினார். எர்னஸ்ட் நியூமன் என்ற ஆங்கில விமர்சகர் இதனை நெறி தவறிய செயலென்று கண்டித்தார். பெயர் மாறியதால் இசையின் மதிப்பு மாறிவிடுமா என்பது கிரைஸ்லரின் வாதம். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஏமாற்றியது குற்றமே. எனினும் அந்தக் குற்றம், ரசிகர்கள் போற்றியதில் எவ்வளவு இசைக்குரியது, எவ்வளவு பெயருக்குரியது என்பதையும் வெளிச்சமிட்டுக் காட்டிவிட்டது.

இனி நம் கேள்வியின் கடினமான பகுதிக்கு வருவோம். பீத்தோவனின் கன்சர்ட்டோவுக்கு எத்தனையோ ஒலிப்பதிவுகள் உண்டு. அவற்றுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, 1940இல் நியூயார்க்கில் யாஷா ஹைஃபெட்ஸ் வாசிக்க, ஆர்த்துரோ டோஸ்கானினி நடத்தியது. இரண்டாவது, 1947 ஆகஸ்டில் ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் யெஹூதி மெனுஹின் வாசிக்க, வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் நடத்தியது. வயலின் ஏந்திய இருவருமே யூதர்கள். நடத்திய இருவரோ இருவேறு பாதைகளில் நடந்தவர்கள்.

டோஸ்கானினி இத்தாலியர். பாசிசத்துக்குப் பணியாதவர். ஹிட்லர் ஆட்சியில் யூதக் கலைஞர்கள் துன்புறுத்தப்பட்டதைக் கண்டு, 1933இல் ஜெர்மனியின் பைராய்ட் இசைவிழாவுக்கு வர மறுத்தவர். ஃபுர்ட்வெங்லர் ஜெர்மானியர். அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. 1933இல் கெபல்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி ஆட்சேபித்தார். யூத இசைஞர் சிலருக்கு உதவியும் செய்தார். ஆயினும் நாட்டை விட்டு வெளியேறவில்லை. 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளை முன்னிட்டு நடந்த விழாவில் அவர் இசைக்குழுவை நடத்தினார். போருக்குப் பின் விசாரணை மன்றத்தின் முன் நின்று விடுவிக்கப்பட்டு, 1947 மே மாதம் மீண்டும் பெர்லின் மேடையேறினார்.

இவ்விரு தட்டுகளைப் பற்றியும் ரசிகர்கள் ஓயாது வாதிட்டு வந்துள்ளனர். டோஸ்கானினியின் பதிவில் இசை விரைந்து செல்கிறது; கோடுகள் தெளிவாக விழுகின்றன. அதைக் கண்டிப்பும் மாண்பும் என்பார் சிலர். ஈரமற்ற அவசரம் என்பார் வேறு சிலர். லூசெர்ன் பதிவில் இசை மூச்சுவிட்டு நடக்கிறது; வேகம் தளர்ந்தும் இறுகியும் வருகிறது. அதை ஆழ்ந்த தியானம் என்பாரும் உண்டு. கட்டுக்கோப்பின்மை என்பாரும் உண்டு. இவ்வளவும் செவி சொல்லும் சாட்சியமே. தட்டை மீண்டும் சுழலவிட்டு இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

வேறுவகைப் பேச்சும் உண்டு. 'கொடுங்கோலன் முன்னே கோலசைத்த கையிலிருந்து நல்லிசை பிறக்குமா?' என்பார் ஒருவர். 'இத்தகைய இசையைப் பிறப்பித்தவர் தீயவராக இருக்க முடியுமா?' என்பார் இன்னொருவர். முன்னவர் மனிதரைக் கொண்டு இசைக்குத் தீர்ப்பளிக்கிறார். பின்னவர் இசையைக் கொண்டு மனிதரை விடுதலை செய்கிறார். இருவரும் எதிரிகள் போலத் தோன்றினாலும் செய்யும் பிழை ஒன்றே. ஒரு வழக்கின் சாட்சியை இன்னொரு வழக்கில் ஏற்றிவிடுகின்றனர்.

இவ்விரு பிழைகளுள் நமக்கு அதிக அச்சமூட்டுவது இரண்டாவதுதான். முதற்பிழையால் நாம் இழப்பது ஒரு நல்ல தட்டை. இரண்டாவதால் இழப்பதோ, பாதிக்கப்பட்டவர்க்குச் சேரவேண்டிய நியாயத்தை. அழகுக்கு மன்னிக்கும் உரிமையை யார் தந்தது? மன்னிப்பு வழங்கத் தகுதியுடையோர், அநீதியைத் தம் உடலில் தாங்கியவர்கள் மட்டுமே.

மெனுஹினின் வாழ்க்கையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1945 ஜூலையில், விடுவிக்கப்பட்ட பெல்சன் முகாமுக்குச் சென்று, உயிர் பிழைத்து மீண்டவர்களுக்காக வயலின் வாசித்தவர் அவர். நாஜிகளின் கொடுமையை அறியாதவர் என்று எவரும் அவரைச் சொல்ல இயலாது. இருந்தும் 1947இல் பெர்லினில் ஃபுர்ட்வெங்லரோடு ஒரே மேடையில் நின்று இதே கன்சர்ட்டோவை வாசித்தார். வெறுப்பின் சங்கிலியை எங்கேனும் அறுத்தாக வேண்டுமென அவர் நம்பினார். அப்போது பெர்லின் அகதி முகாமில் வாழ்ந்த யூதர்கள், தமக்கென அவர் நடத்தவிருந்த கச்சேரியைப் பெருமளவில் புறக்கணித்தனர். அவர் அம்முகாமுக்கே சென்று அவர்களிடம் நேரில் பேசினார்.

அன்று வராதவர்களை 'ரசனை அற்றவர்கள்' என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? அவர்கள் இசையைக் குறை கூறவில்லை, கேட்க மறுத்தார்கள். கேட்க மறுப்பது வேறு. கேட்டபின் பொய் சொல்வது வேறு. முன்னதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. அவ்வாறே, மெனுஹினின் செயலைப் பெருந்தன்மை என்று போற்றுவோரும், அந்தப் பெருந்தன்மையைப் பிறருக்குக் கட்டளையாக்க இயலாது.

லூசெர்ன் தட்டில் சமாதானத்தின் குரலையே கேட்பதாகச் சொல்லும் ரசிகர் பலர். அவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். வரலாற்றை அறிந்த செவி, அறியாத செவியைப் போலக் கேட்க முடியாது; கேட்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவர்களிடம் வேண்டுவோம். பெயர்களை மறைத்து அதே தட்டைக் கேட்டிருந்தால் அந்தச் சமாதானம் காதில் விழுந்திருக்குமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். விழுந்திராது எனில், அது தட்டின் வரிப்பள்ளத்தில் பதிந்ததன்று. கேட்பவர் தம் உள்ளத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த காணிக்கை. அக்காணிக்கை உயர்ந்ததாகவே இருக்கலாம். அதை 'என்னுடையது' என்று ஒப்புவதே நேர்மை.

எனவே, நியாயமான கருத்து என்பது எல்லாரும் ஒத்துக்கொள்ளும் கருத்து என்று நாம் சொல்லமாட்டோம். வியன்னாவின் விமர்சகர் தமக்குக் களைப்பூட்டியது என்றெழுதினார்; காலம் அவர்பக்கம் நிற்கவில்லை. ஆயினும் தாம் கேட்டதைச் சொன்னார் என்ற அளவில் அவர் நேர்மையானவரே. பெயரைக் கண்டு தலையசைத்தவரோ, அவரது கருத்து பின்னாளில் சரியென்றே ஆனாலும், சாட்சி சொல்லாமலே சாட்சிக்கூலி பெற்றவர்.

ஓர் இசைத்தட்டில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். தட்டைப் பற்றித் தவறாகச் சொன்னால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் இனிமையாகப் பேசுபவரை நல்லவர் என்றும், நமக்குப் பிடிக்காதவர் சொல்வதைப் பொய்யென்றும், பெயரும் ஊரும் கேட்டவுடனே குணமும் தெரிந்துவிட்டதென்றும் முடிவு கட்டும் பழக்கத்தை நாம் இசைக்கூடத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. சந்தையிலும் சபையிலும் நாள்தோறும் அதே தீர்ப்பை மனிதர்மீது வழங்கி வருகிறோம். தீங்கு விளையாத இடத்தில் நேர்மையைப் பழகிக்கொண்ட செவியே, தீங்கு விளையும் இடத்திலும் தடுமாறாது நிற்கும். கேட்டதைக் கேட்டவாறு சொல்லுதல் சிறிய அறமாகத் தோன்றலாம். பெரிய நீதிமன்றங்கள் அனைத்தும் அந்தச் சிறிய அறத்தை நம்பியே நடக்கின்றன.