பெயருக்குப் பட்டா உண்டா?

பிறர் சூட்டிய தலைப்பை நம் படைப்புக்குச் சூட்டுவது திருட்டாகுமா? பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை உண்டு. வெறும் தலைப்புக்குப் பொதுவாக இல்லை. ஆனால் சட்டம் விட்டுவிட்டதை எல்லாம் மனச்சான்றும் விட்டுவிடுமா?

'தி பவர் ஆஃப் லவ்' என்ற ஆங்கிலத் தலைப்பைப் பாருங்கள். அன்பின் ஆற்றல் என்பது பொருள். 1984 டிசம்பரில் 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' என்ற லிவர்பூல் குழுவின் பாட்டு இந்தப் பெயருடன் பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. 1985 ஆகஸ்டில் ஹ்யூயி லூயிஸ் குழுவின் பாட்டு, அதே பெயருடன், அமெரிக்காவில் முதலிடம். அக்டோபரில் ஜெனிஃபர் ரஷ் பாடியது, மறுபடியும் அதே பெயர், பிரிட்டனில் முதலிடம்! மூன்றும் வேறு வேறு பாட்டுகள். ஒன்று வழிபாடு போல் உருகுகிறது. ஒன்று திரைப்படத்துக்காகத் துள்ளுகிறது. மூன்றாவதில் ஒரு பெண் தன்னையே ஒப்படைத்துவிடுகிறாள். யார் யாரிடம் திருடினார்கள்? அன்பு என்ற சொல்லுக்கு யார் பட்டா வாங்க முடியும்?

ஆனால், முன்னவன் தேடிய புகழைத் தன் சரக்கின்மேல் ஒட்டி, வாங்குகிறவன் ஏமாறட்டும் என்றே ஒருவன் பெயர் வைத்தால்? எழுத்து அதேதான், எண்ணம் வேறு. அதைத்தான் திருட்டு என்பேன்.

என் மேசைமேல் இப்போது ஒரு நாவல் முடிந்து கிடக்கிறது. அதற்கு நான் விரும்பும் பெயரில் புகழ்பெற்ற நாவல் ஒன்று முன்பே உண்டு. அந்தப் பெயரைக் கேட்பது என் கதையா, என் ஆசையா? மூன்று நாளாகத் தலைப்பு எழுதாமல் வைத்திருக்கிறேன்.