அரை டிக்கெட் புண்ணியம்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதுமே நம் வீடுகளில் பயணப் பேச்சு ஆரம்பமாகிவிடும். இந்த வருடம் நவக்கிரக ஸ்தலங்களா, பண்டரிபுரமா, பூரியா, காசியா? ஒரு பக்கம் புளிக்காய்ச்சல் தயாராகும். இன்னொரு பக்கம் பெட்டியில் பட்டுப்பாவாடை ஏறும். குழந்தைகளுக்கோ கால் தரையில் நிற்காது!

இந்தப் பரபரப்புக்கு நடுவே, பல வீடுகளில் ஒரு வாக்கியம் மெல்லிய குரலில் சொல்லப்படும்.

‘‘யாராவது வயசு கேட்டா, பதினொண்ணுன்னு சொல்லு. சரியா?’’

மனதைத் தொட்டுச் சொல்லுங்கள்... இதை நீங்கள் சொன்னதில்லையா? அல்லது, சின்ன வயதில் கேட்டதில்லையா? நான் கேட்டிருக்கிறேன். சொல்லவும் துணிந்திருக்கிறேன். தெய்வத்தைத் தேடிப் போகிற வழியில் சொல்லும் இந்தச் சின்னப் பொய், பெரிய பாவமா? அல்லது, பொருட்படுத்தத் தேவையில்லாத விஷயமா? அதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மணலோடு புறப்பட்டோம்

2001-ஆம் வருடம், மே மாதம். பாட்டியின் நெடுநாள் ஆசைப்படி எங்கள் குடும்பம் காசிக்குக் கிளம்பியது. முறைப்படி முதலில் ராமேஸ்வரம் சென்று, சேதுவில் நீராடி, மணல் எடுத்து வந்தாயிற்று. அந்த மணலைப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கிருந்து காசி, கயா. பிறகு கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாத ஸ்வாமிக்கு அபிஷேகம். அப்போதுதான் யாத்திரை பூர்த்தி.

அப்பாவின் சம்பளத்தில் அது பெரிய செலவு. அம்மா இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து மூன்று மாதம். 5 வயது முதல் 12 வயதுக்குள் இருந்தால் ரயிலில் பாதிக் கட்டணம். தனிப் படுக்கையும் உண்டு என்பது அந்நாளைய விதி. (2016 ஏப்ரலில் இருந்து, அந்த வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்று மாற்றிவிட்டார்கள்.) மூன்றே மாத வித்தியாசம்தான். ஆனால், போக வர மிச்சமாகும் தொகை ஏறத்தாழ எங்கள் வீட்டின் ஒரு மாதப் பால் கணக்கு!

அம்மா தயங்கினாள். பாட்டிதான் தைரியம் சொன்னாள். ‘‘காசிக்குப் போறதுக்குச் சொல்ற பொய்யை விஸ்வநாதர் கணக்குல வெச்சுக்க மாட்டார்டீ. அந்தப் பணம் கயாவுல சிராத்தத்துக்கு ஆகும்!’’

ஆக, எனக்குப் பதினோரு வயதாயிற்று. ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த நான், யார் கேட்டாலும் ஆறாம் வகுப்பு என்று சொல்ல வேண்டும்.

ரயில் ஏறிய அன்று இரவே டிக்கெட் பரிசோதகர் வந்தார். வயதானவர், சிரித்த முகம். ‘‘என்ன படிக்கிறேம்மா?’’ என்றார். ‘‘சிக்ஸ்த்’’ என்றேன். ‘‘நல்லாப் படிக்கணும்’’ என்று என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்! அவர் திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். தலையைத் தடவிய அந்தக் கையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அரிச்சந்திர கட்டத்தில் ஒரு கேள்வி

காசியில் தமிழர்கள் அதிகம் தங்குவது அனுமன் கட்டத்துப் பக்கம். அதன் அருகிலேயே இருக்கிறது அரிச்சந்திர கட்டம். மணிகர்ணிகையைப் போலவே இங்கும் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். மாலை நேரம், படகில் போகும்போது பாட்டி அந்த இடத்தைக் காட்டிக் கதை சொன்னாள்.

வாக்குத் தவறாமல் இருப்பதற்காக நாட்டை இழந்தான் அரிச்சந்திரன். மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்றான். கடைசியில் தன்னையும் விற்று, இந்தச் சுடுகாட்டுக்குக் காவல்காரன் ஆனான். பாம்பு தீண்டி இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி இங்கேதான் வருகிறாள். பிணத்தை எரிக்க வேண்டுமானால் வாய்க்கரிசி, முழத்துண்டு, கால் பணம் தர வேண்டும். அவளிடமோ எதுவும் இல்லை. இறந்தது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் அரிச்சந்திரன் என்ன சொன்னானாம்? ‘‘வாய்க்கரிசி என் கூலி, அதை விட்டுக்கொடுக்கிறேன். முழத்துண்டும் கால் பணமும் என் எஜமானுடையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை!’’

பாட்டிக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

‘‘ஏன் பாட்டி, சொந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட்கூடப் போடலையா?’’

அப்பா சிரித்தார். பாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

யாருடையதை யார் விடுவது?

இந்த விஷயத்தில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் சில உண்டு. ‘ஊரே செய்கிறது’ என்பது ஒன்று. ‘இத்தனை பெரிய ரயில்வேக்கு இது ஒரு நஷ்டமா?’ என்பது இரண்டாவது. ‘தெய்வ காரியத்துக்குத்தானே செலவழிக்கிறோம்’ என்பது மூன்றாவது. கொஞ்சம் படித்தவர்கள் வள்ளுவரையே துணைக்கு அழைப்பார்கள். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே!

சொல்லியிருக்கிறார்தான். ஆனால், அந்த நன்மை யாருக்கு என்று பார்க்க வேண்டும். துரத்தி வருகிற கொலைகாரனிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றச் சொல்லும் பொய் ஒரு ரகம். நம் கைப்பணத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய் வேறு ரகம். அதே வாய்மை அதிகாரத்தில், மனம் அறிந்து சொன்ன பொய் அந்த மனத்தையே சுடும் என்றும் அவர் எச்சரிக்கிறார். அதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அரிச்சந்திரன் வகுத்துக் காட்டிய கோடு எத்தனை தெளிவானது! தன்னுடையதை விடலாம்; அது தியாகம். பிறருடையதைத் தன்னுடையதுபோல விட்டுக்கொடுக்க முடியாது. வறுமைகூட அந்த உரிமையைத் தருவதில்லை. பெற்ற பாசமும் தருவதில்லை.

குழந்தைகளுக்குச் சமுதாயம் எத்தனையோ சலுகைகள் கொடுத்திருக்கிறது. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு தரிசனத்தில், பெற்றோருடன் வரும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். கோனார்க் சூரியனார் கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை கட்டணம் இல்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். இவையெல்லாம் ‘குழந்தைதானே, வரட்டும்’ என்று ஊர் கூடிக் கொடுக்கும் அன்பு. வயது இருக்கும்வரை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். வயது தாண்டிய பிறகும் கேட்டால், அது அன்பைப் பெறுவதல்ல, அன்பை ஏமாற்றுவது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குழந்தையின் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று ஒன்று பிசகாமல் சொல்கிறோம். நட்சத்திரம் மாறிவிட்டால் பலன் போய்விடுமே என்று பதறுகிறோம். அதே குழந்தையின் வயதை வழியில் கூசாமல் மாற்றிச் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கும் குழந்தை இரண்டையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? கோயிலுக்குள் ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு என்று அது கற்றுக்கொண்டால், தவறு யாருடையது?

காந்திஜி சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்தார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல் இருக்கக் கூடாது என்று அவர் மனம் இரவும் பகலும் கேட்டதாம். தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். குழந்தை மனதில் அப்படி ஒரு விதை விழ ஒரு நாடகம் போதுமானதாக இருந்தது. அது விழாமல் போகவும் ஒரு ரயில் பயணம் போதும்!

உண்டியல் தீர்க்காத கடன்

சென்ற விடுமுறையில் பூரிக்குப் போகத் திட்டமிட்டோம். செல்போனில் டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தேன். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம். ஐந்துக்குள் என்றால் ரயிலில் கட்டணமே இல்லை. ‘பார்க்கச் சின்னதாகத்தானே இருக்கிறாள்...’ என்று நினைத்தபடி வயது என்ற இடத்தில் 4 என்று அடித்தேன். ஆமாம், அரிச்சந்திர கட்டத்தைப் பார்த்து வந்த நானேதான்!

பக்கத்தில் இருந்த அம்மா பார்த்துவிட்டாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

‘‘அப்போ கங்கைத் தீர்த்தத்தோட ராமேஸ்வரம் போனோமே, ஞாபகம் இருக்கா? உன் டிக்கெட்ல மிச்சம் பிடிச்ச பணத்தை அங்கே உண்டியல்ல போட்டேன். அப்படியும் மனசு ஆறலை. கடன் வாங்கினது ஒரு இடம், திருப்பிக் கொடுத்தது இன்னொரு இடம். அது எப்படிக் கடன் தீரும்? ஊருக்கு வந்து, நம்ம ஸ்டேஷன்ல அதே தொகைக்கு டிக்கெட் வாங்கிக் கிழிச்சுப் போட்டேன்.’’

நான் வாயடைத்துப் போனேன். அம்மா தொடர்ந்தாள்.

‘‘பணத்தைத் திருப்பிட்டேன். ஆனா, உன் வாயால ஒரு பொய் சொல்ல வெச்சேனே... அதை எந்த கவுன்ட்டர்ல போய்த் திருப்பறது?’’

என் தலையைத் தடவிய அந்த டிக்கெட் பரிசோதகரின் கை எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. அம்மா சொன்னதுதான் இந்தக் கேள்வியின் மையம் என்று தோன்றுகிறது. ரயில்வே பணம் நம்முடையது அல்ல. அதைவிட, குழந்தையின் சொல் நம்முடையது அல்ல. அது அந்தக் குழந்தையின் சொத்து. நம் சிக்கனத்துக்காக அதை எடுத்துச் செலவழிக்கத் தாய்க்குக்கூட உரிமை இல்லை.

4-ஐ அழித்துவிட்டு 5 என்று அடித்தேன். பணம் கொஞ்சம் இடித்தது. திட்டத்தில் இருந்த ஏ.சி. ரூம், சாதாரண ரூம் ஆயிற்று. மகளிடம், ‘‘நீ பெரியவளாயிட்டே. அதனால உனக்கும் டிக்கெட்!’’ என்றேன். அவள் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வளர்ந்துவிட்டோம் என்பதில் குழந்தைகளுக்குத்தான் எத்தனை பெருமை! அந்தப் பெருமையை, ‘குறைத்துச் சொல்’ என்று நாம்தான் குறைத்துவிடுகிறோம்.

விட வேண்டியது எது?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் புலஸ்திய முனிவர் பீஷ்மருக்குத் தீர்த்த மகிமையைச் சொல்கிறார். கையையும் காலையும் மனத்தையும் அடக்கியவருக்கு, கோபம் இல்லாதவருக்கு, உண்மையே இயல்பாக உள்ளவருக்குத்தான் தீர்த்த பலன் கிட்டும் என்பது அவர் வாக்கு. காசியின் பெருமையைச் சொல்லும் காசி காண்டமோ, உண்மையையும் ஒரு தீர்த்தமாகவே எண்ணுகிறது. அதைத் தமிழில் நமக்குத் தந்தவர் அதிவீரராம பாண்டியர். ஆயிரம் மைல் தாண்டிப் போய்க் கங்கையில் மூழ்கும் நாம், வீட்டு வாசலிலேயே இருக்கும் இந்தத் தீர்த்தத்தைத் தாண்டிக் குதித்துவிட்டா போவது?

கயாவில் சிராத்தம் முடித்து, ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை என்று விட்டுவிட்டு வருவது வழக்கம். நம்மில் பலர் பிடிக்காத காயாகப் பார்த்து விடுகிறோம் என்பதும் சுவாமிக்குத் தெரியும்! எங்கள் பாட்டி பாகற்காயை விட்டாள். அது அவள் எப்போதுமே தொடாத காய்.

இந்த விடுமுறையில் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் சரி, பெட்டி கட்டும்போதே குழந்தையைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ‘‘யாராவது வயசு கேட்டா, உன் வயசைச் சொல்லு’’ என்று சொல்லுங்கள். பணம் போதவில்லையா? ஒரு ஊரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் குறைத்தோம் என்பதையும் அதனிடம் சொல்லுங்கள். அந்தப் பொய்யை வாசல்படியிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். நமக்குப் பிடித்ததை விடுவதுதானே யாத்திரை?