வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளையைப் பார்க்கப் போவோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு ஒரு தவிப்பு வரும். "பிள்ளை ஹாஸ்டலுக்குப் போவதற்குள் எல்லாருமாக ஒரு தடவை காரில் கிளம்பிப் போய்வரணும், எங்கே போகலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். ஆறுபடை வீடுகளுக்குப் போய் வாருங்கள்.

கயிலாயத்தில் அம்மையப்பன் மடியில் வளர்ந்த குழந்தை முருகன். ஆனால் அவன் வீடு என்று நாம் கும்பிடுகிற ஆறில் ஒன்றுகூடக் கயிலாயத்தில் இல்லை. ஆறும் தெற்கே, நம் மண்ணில். பெற்றவர்களை விட்டுப் புறப்பட்ட பிள்ளை தனக்கென்று அமைத்துக்கொண்ட வீடுகள் அவை.

பழனிக் கதை உங்களுக்குத் தெரியும். மாம்பழம் அண்ணனுக்குப் போயிற்று, தம்பி கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டான். நான் நினைத்து நினைத்து உருகுவது அதற்குப் பிறகு நடந்ததை. அம்மையும் அப்பனும் பின்னாலேயே வந்தார்கள், சமாதானம் சொன்னார்கள். உலகத்தையே ஆட்டிவைக்கிறவர்களுக்கு அந்தச் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாதா? தூக்கவில்லை. மலையை அவனுக்கே விட்டுவிட்டார்கள். ரோப் காரும் வின்ச்சும் இருந்தாலும், முடிந்தவர்கள் அந்த 693 படிகளை ஏறுங்கள். பிள்ளை முன்னால் ஏறட்டும். நீங்கள் மூச்சு வாங்கி உட்காரும் இடத்தில் அவனே திரும்பி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். கையில் வாங்கிக் குடியுங்கள்.

திருத்தணியில் வேலன் கோபம் தணிந்தான் என்பார்கள். நான் சொன்ன படிப்பை எடுக்கவில்லையே என்று பிள்ளைமேல் மனத்தாங்கல் வைத்திருக்கும் தகப்பன்மார் அதை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வரவேண்டும். பரங்குன்றத்திலும் பழமுதிர்சோலையிலும் நிதானமாகக் கும்பிடுங்கள். இரண்டே நாளில் ஆறு கோயிலையும் முடித்தோம் என்று கணக்குச் சொல்வதற்காக ஓடாதீர்கள். டோல்கேட்டுக்கும் டோல்கேட்டுக்கும் நடுவில் ஒரு புளியமர நிழல் கிடைத்தால் காரை ஓரங்கட்டிக் கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். ஹாஸ்டலைப் பற்றிய பயத்தைப் பிள்ளை சொல்வது அந்த மாதிரி இடத்தில்தான்.

சுவாமிமலைக்கு வருவோம். அது கட்டுமலை. 60 படிகள், தமிழ் வருஷங்கள் அறுபதின் பெயரில். கீழே மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் இருக்கிறார்கள். மேலே சுவாமிநாதன். பிரணவத்தின் பொருளைத் தகப்பன் கேட்டார்; பிள்ளை குருவாக அமர்ந்து உபதேசித்தான். கேட்டவர் யார்? வேதங்களுக்கெல்லாம் மூலமானவர். தெரியாமல் கேட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளை வாயால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டார்! பிள்ளை லைசென்ஸ் எடுத்திருந்தால், கும்பகோணத்திலிருந்து தெற்கே போகும்போது ஸ்டியரிங்கை அவனிடம் கொடுங்கள். அப்பா பின்சீட்டில் உட்காரட்டும். "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே வராமல், "நீ என்ன படிக்கப் போகிறாய், எனக்குக் கொஞ்சம் சொல்லு" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

சென்னையிலிருந்து திருச்செந்தூர் 600 கிலோமீட்டருக்கு மேல். கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் நீராடி, உள்ளே போய் நில்லுங்கள். சூரனை வென்றவன் ஊர் அது. வென்றவன் கையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். வலக்கையில் பூ. போர் முடிந்ததும் சிவபூஜைக்கு எடுத்த பூ அது. அவன் பூஜித்த பஞ்சலிங்கங்கள் மூலவருக்குப் பின்னால் இருக்கின்றன. கோபித்துப் போன பிள்ளை, யாரும் வந்து நிற்கச் சொல்லாமல், ஜெயித்த இடத்திலேயே தகப்பனைப் பூஜை செய்துகொண்டிருக்கிறான். தாய்மார்களே, "என்னை மறந்துவிடுவானோ" என்ற பயத்தை அந்தச் சன்னிதியில் சொல்லி அழுங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே அழுங்கள், தப்பே இல்லை.