நள்ளிரவுத் தொண்டு

சைவாசிரியர்களாகிய அன்பர்காள்! சிவராத்திரியிலே முன்னேசுரத்திற் சென்று நான்கு யாமமும் கண்விழித்துச் சிவபெருமானை வழிபடுதல் நம்மவர் வழக்கம். அஃது ஆண்டிற்கோர் இரவு. ஒவ்வோர் இரவும் கண்விழிக்கும் இல்லங்களும் சிலாபம் முதல் உடப்பு, கற்பிட்டி வரையுள்ள இக்கரையிலே உள்ளன. பாரிசவாயுவினாற் படுக்கையிற் கிடக்கும் தந்தையும், நினைவு மயங்கி நடுநிசியிற் கதவைத் திறந்து வெளியேறும் பாட்டியும் அங்கிருப்பர். தந்தை கடலிலும், தாய் அரபு நாட்டு ஊழியத்திலும் இருக்குங்கால், அவர்க்குக் காவலாய் விழித்திருப்பவள் சிலவிடங்களில் நம் பள்ளிக்கூடத்து மாணாக்கியே. ஆதலின், காலைப் பாடத்திலே ஒரு பிள்ளை உறங்கிவிழுமாயின், கடிதற்குமுன் "இரவில் வீட்டில் யார் விழித்திருந்தார்?" என்று வினவுதல் நமது கடனாம்.

திலகவதியாரை நினைமின்கள். சூலைநோயால் வருந்திய தம்பியார் மருணீக்கியார், இரவிலே வழிநடந்து திருவதிகையை அடைந்து அவர் திருவடியில் வீழ்ந்தார். பரசமயம் புகுந்தவனென்று அவ்வம்மையார் வாயிலடைத்தாரல்லர், திருநீறளித்து ஆற்றினார். விடியுமுன் ஆலயத்தில் அலகிடுந் தொண்டையும் விட்டாரல்லர். தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். நோயாளர்க்குத் துணையாதலும் ஆலயத் தொண்டும் அவர்பால் இரண்டாய் நிற்கவில்லை.

"பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடன், அயலார் புகுவது எற்றுக்கு?" என்பாருமுளர். மக்கள் கடனென்பது மெய்யே. இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் அதனை வலியுறுத்துகின்றது. ஆயினும், சட்டம் கடனை உணர்த்துமேயன்றி, கடனாற்றுவார்க்கு உறக்கந் தாராது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 100 பேரில் 12 பேருக்குமேல் 60 வயது கடந்தோர். தாமே புரள இயலாதாரை ஏறக்குறைய 2 மணிக்கொருமுறை புரட்டிக் கிடத்தாவிடிற் படுக்கைப்புண் தோன்றும். நிமிர்த்தி இருத்தாமல் நீர் புகட்டினாற் புரைக்கேறும். இருளில் மலசலகூடத்துக்குத் தனியே செல்வார் இடறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறியவுங் கூடும். இவற்றை ஒருவரே நாடோறும் இரவெல்லாம் செய்வராயின், நோயாளர் இருவராவர்.

ஆகவே, நாம் செய்யத்தக்கது யாது? ஆசிரியரும் ஆலய தருமகர்த்தாக்களும் கூடி, இத்தகைய இல்லங்களை அறிந்து, விருப்பமுள்ள வளர்ந்தோரை முறைவைத்து அனுப்புக. முன்னிரவுக்கு ஒருவர், பின்னிரவுக்கு ஒருவர். பெண்டிர்க்குப் பெண்டிரே செல்க. புரட்டுதல், தூக்குதல் முதலியவற்றை மருத்துவத் தாதியாரிடம் முன்னரே கற்றுக்கொள்க. நோயாளரின் விருப்பத்தைக் கேட்டுச் செய்க. அங்குக் கண்டதை வெளியிற் பேசாதொழிக. மாணாக்கரை இத்தொண்டுக்கு விடுதல் ஆகாது. அவர்க்கு உரியது உறக்கம். வாரத்தில் ஓரிரவேனும் இத்துணை கிடைப்பின், அவ்வீட்டார் உடல் தளராது தங்கடனை ஆற்றுவர்.

சிவராத்திரியிலே கண்விழிக்கக் கற்ற நமக்கு இவ்விழிப்பு அரிதன்று. நாம் விழித்திருக்க, அவ்வீட்டுப் பிள்ளை நன்குறங்கி எழுந்து, நீறணிந்து பள்ளிக்கு வருமாயின், அதுவே அவ்விரவுப் பூசையின் பலனென்று கொள்க.

திருச்சிற்றம்பலம்.