வரம்புக்குள் ஒரு வீடு

கட்டுகிற வீட்டுக்குப் பாதியில் பணம் தீர்ந்துபோனால், அந்தக் குறை யார் தலையில் விடிகிறது? கட்டுகிறவர் தலையில் மட்டும் என்றால், அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போட்டுவைத்த டெபாசிட் உடைகிறது. மருந்துச் செலவைச் சொல்லத் தயங்கி வீட்டுப் பெரியவர் வாய்மூடி இருந்துவிடுகிறார். ஒருவருடைய ஆசைக்கு இன்னொருவர் விலை கொடுப்பதால், வீட்டுக்குக் கணக்குப் போடுவதை அறத்தின் பாற்பட்ட காரியமாகவே கொள்ள வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்டர் சொன்ன விலையை 1,000 அடியால் பெருக்கி, அதுவே வீட்டின் விலை என்று நம்புவதுதான் முதல் பிசகு. போர், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், பிளான் அப்ரூவல், மின் இணைப்பு ஆகியவை பெரும்பாலும் அந்த விலையில் சேராது. கிரகப்பிரவேசச் சாப்பாடும் சேராது. எல்லாவற்றையும் தனித்தனியே எழுதிக் கூட்டி, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராத செலவுக்கென ஒதுக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது களிமண் வரலாம். கம்பி விலை ஏறலாம். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் இன்னும் கூடுதலாக ஒதுக்குவது நல்லது. பூச்சைத் தட்டினால்தானே உள்ளே துருவேறிய கம்பி கண்ணில் படும்!

பெருஞ்செலவுக்கு நாம் அஞ்சுகிறோம், சிறுசெலவிடம் ஏமாறுகிறோம். டைல்ஸ் கடையில் விற்பனையாளர், "அடிக்கு இருபது ரூபாய்தான் சார் கூட, லுக்கே வேற" என்பார். 1,000 அடிக்கு அது 20,000 ரூபாய். அதே பேச்சு கதவிலும், குழாயிலும், பெயின்டிலும், ஃபால்ஸ் சீலிங்கிலும் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் எலிவேஷனையும் சேர்த்து 3 லட்சம் மேலே போய்விட்டது என்று வையுங்கள். அதை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதம் சுமார் 2,600 ரூபாய் வீதம் மொத்தம் ஆறேகால் லட்சம் கட்ட வேண்டும். டைல்ஸின் பளபளப்பு மங்கிய பிறகும் தவணை நிற்காது.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு ஒரு வரை உண்டு. பின்னால் மாற்ற முடியாததில் கை வைக்காதீர்கள்: அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட், சுவருக்குள் போகும் ஒயரிங், குழாய்கள். தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான். கலப்பு சிமென்ட்டாக இருந்தால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் ஈரம் காயக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி. அலமாரிக் கதவும் மாடுலர் கிச்சனும் அடுத்த ஆண்டு வரலாம். ஈரம் காணாத தளத்துக்கு அடுத்த ஆண்டு இல்லை.

சிக்கனம் என்றால் தரக்குறைவு என்று எண்ண வேண்டாம். கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். அதில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெக்கையையும் தடுக்கும். பல சுவர்களுக்கு அவர் பூச்சே பூசவில்லை. அவருடைய சிக்கனத்துக்குப் பின்னால் யோசனை இருந்தது.

இன்னொரு கடமையும் உண்டு. சனிக்கிழமை மாலை, கைகால் கழுவி, சிமென்ட் அரித்த விரல்களோடு சித்தாள் பெண்கள் மணல் குவியல் ஓரமாகக் காத்திருப்பார்கள். மேஸ்திரி நோட்டைப் புரட்டி, "ஓனர் பணம் தரலம்மா, திங்கக்கிழமை பாப்போம்" என்றால், அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்புக்கு என்ன பதில் சொல்ல முடியும்? கூலிப் பணம் கையில் இல்லாமல் ஒரு வாரத்து வேலையைத் தொடங்குவது, கேட்காமல் வாங்கிய கடன்.

ஆகவே, மனையில் கயிறு பிடிப்பதற்கு முன்பே வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, இதற்கு மேல் இல்லை என்று ஒரு தொகையை எழுதுங்கள். வேலை ஆரம்பித்த பின் ஜன்னலை நகர்த்தச் சொல்லும் மாமாவிடமும் அந்தத் தாளையே காட்டுங்கள். பணம் இரண்டு அறைக்குத்தான் வரும் என்றால் இரண்டு அறை கட்டுங்கள். மூன்றாவதற்கு இடம் விட்டுவையுங்கள். வந்து பார்ப்பவர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தவணை கட்டி வாழப்போவது நீங்கள்.